இரண்டும் ஒரே கை

உங்கள் வாசல் போர்டில் ‘வழக்கறிஞர்’ என்ற சொல்லில் ‘றி’க்கும் ‘ஞ’வுக்கும் நடுவே இடைவெளி கொஞ்சம் அதிகமாகிவிட்டது. செம்பூர் ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும்போது தூரத்திலேயே கண்ணில் பட்டது. தப்பாக நினைக்காதீர்கள். முப்பத்தைந்து வருஷமாக எழுத்துரு வரைவதுதான் என் தொழில். மற்றவர்கள் போர்டைப் படிப்பார்கள், நான் பார்ப்பேன். படிப்பது வேறு, பார்ப்பது வேறு.

வந்த காரியம் சின்னது. ஒரு அஃபிடவிட் வேண்டும். ஒரு டீத்தூள் கம்பெனி என்னுடைய எழுத்துரு ஒன்றைத் தனக்கே என்று வாங்கிக்கொள்ள விரும்புகிறது. பாக்கெட், போஸ்டர், லாரியின் முதுகு, எல்லாவற்றிலும் இனி அதுதான். அதற்கு முன்னால் ‘இது முழுக்க என் சொந்த ஆக்கம், வேறு எவருக்கும் இதில் பாத்தியதை இல்லை’ என்று நான் சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டுமாம். வக்கீலிடம் எதையும் மறைக்கக் கூடாது, சொன்னது இந்த நாலு சுவரைத் தாண்டாது என்று ஃபோனில் நீங்களே சொன்னீர்கள். அதனால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். குறித்துக்கொள்ள வேண்டாம், கேட்டால் போதும்.

எங்கள் தொழிலில் ‘கேஷுவல்’ என்று ஒரு வகை உண்டு. யாரோ தூரிகையை எடுத்து, நின்றவாக்கில், போகிற போக்கில் எழுதிவிட்டுப் போனது மாதிரி இருக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகைக்கு ஆகாது, புத்தகத்துக்கு ஆகாது. ‘இன்று முதல்’, ‘சூடாக ஒரு டீ’ என்று பெரிதாகப் போடுவதற்குத்தான் அது. அலட்சியமாகத் தெரிகிற எழுத்தை வரைவதுதான் இருப்பதிலேயே கஷ்டம். நான் மூன்று தடவை முயன்றேன். மூன்றும், கஞ்சி போட்ட வேஷ்டி கட்டிக்கொண்டு தரையில் உட்காரத் தெரியாமல் நிற்கிற மனிதர் மாதிரி வந்தன. எனக்கு எழுத்துப் பழக்கிய மாதுங்கா பள்ளிக்கூட வாத்தியார், கோடு தாண்டினால் விரல் முட்டியிலேயே அடிப்பார். அந்த அடி இன்னும் என் கையில் இருக்கிறது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெல்ட் வாங்க தாராவிக்குப் போனேன். அபுதாஹிர் என்பவரின் தோல் பட்டறை. அதற்கு எதிரே, ஒரு சந்தின் முகப்புச் சுவரில், காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி ஒட்டியிருந்தது: ‘நாளை தண்ணீர் ஆறு மணிக்கு. குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.’ நான் பத்து நிமிஷம் அங்கேயே நின்றேன். அந்த ‘க’ குனிந்து செருப்பு மாட்டுகிற ஆள் மாதிரி இருந்தது. அந்த ‘ர்’ எழுந்து போகத் தயாராக இருந்தது. மூன்று தடவை முயன்று எனக்கு வராதது அங்கே கோந்து தடவி ஒட்டியிருந்தது. நான் பொய் சொல்லப் போவதில்லை, வயிறு எரிந்தது.

யார் எழுதியது என்று கேட்டேன். அபுதாஹிர் சிரித்தார். “இதுவா? நம்ம பேச்சிராஜா. உள்ள எட்ஜ் கலர் அடிச்சிட்டு இருக்காரு, பாருங்க.”

பெல்ட்டுக்கும் பைக்கும் தோலை வெட்டினால் வெட்டிய விளிம்பு பிசிறாகத் தெரியும் அல்லவா? அதன் மேல் சின்ன பிரஷ்ஷால் கறுப்புச் சாயம் தீட்டி மூடுவார்கள். அதுதான் எட்ஜ் கலர். பேச்சிராஜா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எட்டாவது வரை படிப்பு, இருபது வருஷமாக அதே வேலை. வேலை முடிந்ததும் பிரஷ்ஷில் மிச்சம் இருக்கிற சாயத்தால் தெருவுக்கு நோட்டீஸ் எழுதுவார். தண்ணீர் நேரம், கோயில் கொடை, காணாமல் போன சாவி, யார் வீட்டில் விசேஷம். யாரும் அவரை நியமிக்கவில்லை. ஆனால் அந்தத் தெருவில் ஒரு சேதி உண்மையா என்று தெரிய வேண்டுமானால், “பேச்சி எழுதிட்டாரா?” என்றுதான் கேட்பார்கள். எழுதிவிட்டார் என்றால் சரி.

ஐந்து ஞாயிற்றுக்கிழமை அவர் மாதுங்காவில் என் ஃபிளாட்டுக்கு வந்து எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு எழுத்தையும் முப்பது தடவை. என் மனைவி ருக்கு காபி கொடுப்பாள். அவருக்கென்று ஒரு டம்ளர் தனியாக வைத்திருந்தாள், அது சுத்தத்துக்காக. குடித்துவிட்டு அவரே அதைக் கழுவி ஜன்னல் ஓரம் கவிழ்த்து வைத்துவிடுவார். சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டேன். “எழுத்துக்கு என்ன சார் வெல? எம் மவ படிச்சுட்டு வேலைக்குப் போறா. எப்பவாச்சும் ஒரு போர்டப் பாத்து, இது எங்கப்பா எழுத்துன்னு சொன்னா, அது போதும்” என்றார். நான் சரி என்றேன்.

அதற்கப்புறம் பதினான்கு மாதம் நான்தான் உழைத்தேன், இதை நீங்கள் கவனிக்க வேண்டும். முப்பதில் சிறந்ததைப் பொறுக்கி, ஓரம் செதுக்கி, ஒன்றோடொன்று உட்கார வைத்து, நாளெல்லாம் கணினி முன்னால் கண் எரிய. கைப்பட எழுதினால் ஒரே எழுத்து இரண்டு தடவை ஒரே மாதிரி விழாது. அதனால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஐந்து உருவம் வைத்தேன். ஒரே வரியில் ‘ம’ ஐந்து தடவை வந்தாலும் ஐந்தும் ஐந்து விதமாக வரும். ங, ஞ, ஔ இந்த மூன்றுக்கு மட்டும் ஒரே உருவம்தான். இவை எத்தனை தடவை வந்துவிடப் போகின்றன என்று விட்டுவிட்டேன்.

வெளியீட்டை மாதுங்காவில் ஒரு ஹாலில் வைத்தோம். ‘பத்ரி கேஷுவல்’ என்று பெயர். பத்ரிநாராயணன் என்ற என் பெயரை வைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, நண்பர்கள் வைத்தார்கள், நான் தடுக்கவில்லை. பேச்சிராஜா மூன்றாவது வரிசையில் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். பெருந்தன்மையாக இருக்கட்டும் என்று அவரையும் மேடைக்கு அழைத்து மைக்கைக் கொடுத்தேன். அழைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

அவர் திரையில் ஓடிய எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “எம் எழுத்து மாதிரியேதான் இருக்கு. பாக்கச் சந்தோசமா இருக்கு” என்றார். அப்புறம் வெட்கப்பட்டுச் சிரித்தார். “ஆனா சார், இத நான் எழுதுனேன்னு சொன்னா எங்க தெருவுல ஒருத்தரும் நம்ப மாட்டாங்க.”

ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் தன்னடக்கமாகச் சொன்னார் என்று ருக்கு சொன்னாள். ‘இவ்வளவு அழகாக நான் எழுதுவேனா’ என்ற அர்த்தத்தில் சொன்னாராம். இருக்கலாம். ஆனால் என் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. பதினான்கு மாத உழைப்பை ஒருவர் முந்நூறு பேர் முன்னால் நம்ப மாட்டார்கள் என்கிறார். நம்புவார்களா மாட்டார்களா என்று சோதித்துப் பார்ப்பதில் தவறில்லையே. நான் கோபக்காரன் அல்ல, எதையும் சோதித்துப் பார்த்துதான் பேசுவேன்.

அபுதாஹிரிடம் ஒரு பாட்டில் எட்ஜ் கலர் கேட்டு வாங்கினேன். என் எழுத்துருவில் ஒரு வரியை அமைத்து, ஸ்க்ரீன் பிரிண்டிங் செய்கிற சல்லடைத் துணிச் சட்டத்தில் ஏற்றி, அதே சாயத்தை வழித்து, காலண்டர் தாளின் பின்பக்கம் பதித்தேன். ‘வியாழக்கிழமை தண்ணீர் வராது.’ பட்டறைகள் சாப்பாட்டுக்கு அடங்கியிருந்த மத்தியான வேளையில் அதே சுவரில் ஒட்டிவிட்டு எதிரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். பெண்கள் வந்தார்கள், படித்தார்கள், வீட்டில் இருந்த குடம், வாளி, அண்டா எல்லாவற்றையும் நிரப்பினார்கள். ஒருத்திக்கும் சந்தேகம் வரவில்லை. சாயங்காலம் பேச்சிராஜா வந்து பார்த்துத் தலையைச் சொறிந்தார். “இத நான் எழுதலையே.”

“எழுதுனதே மறந்துபோச்சா? நேத்து என்னத்தய்யா போட்டீரு?” என்று ஒரு அம்மாள் கேட்க, தெருவே சிரித்தது. அந்த மனிதர் பீடிகூடக் குடிக்காதவர். வியாழக்கிழமை தண்ணீர் வழக்கம்போல வந்தது. ஒரு வாரம் அவரைக் கேலி செய்து தீர்த்தார்கள்.

எனக்குத் திருப்தியாக இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் உண்மையான தொழில்காரனுக்கு ஒரு சந்தேகம் வரும். தண்ணீர் நோட்டீசை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? ஓடுகிற ஓட்டத்தில் ஒரு பார்வை, அவ்வளவுதான். பத்து தடவை படிக்கிற, பிய்த்து மடித்து வைத்துக்கொள்கிற, நாலு பேரிடம் காட்டிச் சண்டை போடுகிற ஒரு சேதியாக இருந்தால்தான் சோதனை சோதனையாக இருக்கும். அப்படிப்பட்ட சேதி இரண்டுதான் உண்டு. ஒன்று சாவு, இன்னொன்று பெண்பிள்ளை விஷயம். சாவு நோட்டீஸ் அபசகுனம், அது எனக்குப் பிடிக்காது.

பேச்சிராஜாவுக்குப் பக்கத்து வீடு அய்யாத்துரை. அவர் மகள் பானுமதிக்குக் கோபர்கைரனேயில் மாப்பிள்ளை நிச்சயம் ஆகியிருந்தது. வெளியீட்டுக்குப் பிறகும் பேச்சிராஜா எப்போதாவது என் வீட்டுக்கு வருவார், காபி குடிக்கும்போது அந்தப் பெண்ணைப் பற்றி நிறையச் சொல்வார். “போன வருசம் அம்மாவுக்கு ஊர்ல இடுப்பெலும்பு ஒடிஞ்சுபோச்சு சார். அஞ்சு மாசம் வேலைய விட்டுட்டுப் போயி, பெத்தவளப் புள்ள மாதிரி தூக்கிச் சுமந்திருக்கா. கல்யாணத்துக்கு வரவேற்பு போர்டு நான்தான் எழுதுவேன்னு சொல்லிட்டேன்.” இது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

நான் அமைத்த வாசகம் இது: ‘மாப்பிள்ளை வீட்டார் கவனத்துக்கு. அய்யாத்துரை மகள் பானுமதி போன வருஷம் அஞ்சு மாசம் ஊரில் என்ன செய்தாள் என்று கொஞ்சம் விசாரித்துக்கொள்ளவும்.’

பாருங்கள், இதில் ஒரு பொய் கிடையாது. அவள் ஊரில் இருந்தது உண்மை. என்ன செய்தாள் என்பது கேள்வி. விசாரித்திருந்தால் நல்ல பதில்தான் கிடைத்திருக்கும். யாரும் விசாரிக்கவில்லை என்றால் அது அவர்கள் குணம், அதற்கு நான் என்ன செய்ய முடியும்? ‘செய்தாள்’ என்பதில் ‘தா’வின் கால் கொஞ்சம் நீண்டிருந்தது. அதை மட்டும் மூன்று தடவை திருத்தினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒட்டினேன். சாயங்காலத்துக்குள் யாரோ படம் எடுத்து கோபர்கைரனேக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாளே நிச்சயதார்த்தத் தட்டு திரும்பி வந்தது. அந்த ஐந்து மாத விஷயம் பக்கத்து வீட்டுக்காரரைத் தவிர வெளியில் யாருக்கும் தெரியாதாம். எழுத்தும் அவர் எழுத்து. ஞாயிற்றுக்கிழமை காலை தெருச் சங்கத்தில் ஆள் கூட்டினார்கள்.

அங்கே நடந்ததை அபுதாஹிர் பிறகு எனக்குச் சொன்னார். பேச்சிராஜாவின் கையில் பிரஷ்ஷைக் கொடுத்து, அதே வாசகத்தை நாற்பது பேர் முன்னால் எழுதிக் காட்டச் சொன்னார்களாம். அவர் எழுதினார். கொஞ்சம் மாற்றி எழுதியிருந்தால் தப்பித்திருப்பார். மாற்றி எழுத அவருக்குத் தெரியாது. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தபோது கூட்டம் ‘ஓ’ என்றதாம். அப்போது அவரே சொல்லியிருக்கிறார்: “மாதுங்கா பத்ரி சாரக் கூப்பிடுங்க. எம் எழுத்து எப்படின்னு அவருக்குத்தான் தெரியும். அவரு சொல்லட்டும், நான் கட்டுப்படுதேன்.”

டாக்ஸி பிடித்துப் போனேன். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டேன். அய்யாத்துரை சத்தம் போடுகிற மனிதர் அல்ல. முகம் வெளிறிப்போய், கைகட்டி நின்றார். “நீங்க படிச்சவங்க சார். நீங்க சொன்னா நாங்க கேட்டுக்கிடுதோம்” என்றார். எல்லோரும் எழுந்து எனக்கு நாற்காலி போட்டார்கள்.

நான் நிதானமாகப் பார்த்தேன். பேச்சிராஜா என் பக்கத்தில் குனிந்து மெல்லக் கேட்டார்: “சார், உங்க மிசின்ல இருக்குற எம் எழுத்த வேற யாராச்சும் எடுத்திருப்பாங்களோ?”

நியாயமான கேள்வி. அதற்கு எல்லோரும் கேட்கிற மாதிரியே பதில் சொன்னேன். “மிஷின் எழுத்துன்னா ஒவ்வொண்ணும் அச்சு மாதிரி ஒண்ணாவே இருக்கும். இதுல ‘ம’ நாலு இடத்துல வருது. மாப்பிள்ளை, மகள், பானுமதி, மாசம். நாலும் நாலு விதமா இருக்கு, நீங்களே பாருங்கோ.” தாளைக் கையிலிருந்து கைக்கு அனுப்பினேன். எல்லோரும் பார்த்தார்கள். பார்த்தார்கள் என்பது தப்பு, படித்தார்கள். படிக்கப் படிக்க முகம் இறுகியது. கடைசியில் அய்யாத்துரை என்னைக் கேட்டார். நான் சொன்னேன்: “ரெண்டும் ஒரே கைதான்.”

இதுவும் பொய் அல்ல. நீங்கள் சட்டம் படித்தவர், யோசித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே கைதான்.

பேச்சிராஜா அந்தத் தாளை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். “எழுத்து என்னுதுதான்” என்றார். “ஆனா நான் எழுதல.” அதைச் சொல்லும்போது அவர் குரலில் அவருக்கே நம்பிக்கை இல்லை. முந்நூறு பேர் முன்னால் அவர் சொன்னதற்கு நாற்பது பேர் முன்னால் பதில் கிடைத்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? டாக்ஸியை நிற்க வைத்திருந்ததால் உடனே கிளம்பிவிட்டேன். அதனால் மேற்கொண்டு நடந்தது எதையும் நான் பார்க்கவில்லை.

அய்யாத்துரையின் மகன் மகேஷ்குமாருக்கும் தோல் பட்டறையில்தான் வேலை. பெல்ட்டில் ரிவிட் அடிக்கிற சுத்தியல் அவன் பையிலேயே இருந்திருக்கிறது. “எழுதுன கை எதுலே?” என்று கேட்டானாம். வலது கையைப் பிடித்துத் தரையில் வைத்து மூன்று அடி. சங்கத்தார் தடுப்பதற்குள் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பேச்சிராஜா, மிஷினில் சிக்கிக்கொண்டது என்று சொல்லிவிட்டார். தெரு விஷயம் தெருவோடு போகட்டும் என்று நினைத்திருப்பார். நல்ல மனிதர்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சயான் ஆஸ்பத்திரிக்கு நான் மாதுளம்பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். “நீங்க கண்ணால பாத்ததச் சொன்னீங்க சார். உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல” என்றார். மனதுக்கு இதமாக இருந்தது. மூன்று விரல் இனி மடங்காது, பிரஷ் பிடிக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் அவர் தோளைத் தொட்டு, “கவலைப்படாதீங்கோ பேச்சிராஜா, உங்க கை என்கிட்ட பத்திரமா இருக்கு” என்றேன். ஆறுதலுக்குச் சொன்னதல்ல, அப்படித்தான் நினைக்கிறேன். மனிதக் கை நடுங்கும், வயதாகும், அடிபடும். எழுத்துருவுக்கு ஒன்றும் ஆகாது.

இப்போது அபுதாஹிர் அவரைப் பேக்கிங்கில் போட்டிருக்கிறார். இடது கையால் அட்டைப்பெட்டி மடக்குகிறார். அந்தச் சுவரில் யாரும் நோட்டீஸ் எழுதுவதில்லை. அவர் குடத்தோடு குழாயடிக்குப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்களாம். பானுமதியை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கல்யாணம் என்ற பேச்சே எடுக்கக் கூடாது என்று அவள் சொல்லிவிட்டதாகக் கேள்வி.

இதெல்லாம் நடந்து பதினொரு மாதம் ஆகிறது. போன சனிக்கிழமை காலை ஒரு பெண் என் வீட்டு மணியை அடித்தாள். பேச்சிராஜாவின் மகள் முத்துமாரி. இருபத்துமூன்று வயது இருக்கும். துணிக்குப் பூப்போட்ட டிசைன் அச்சடிக்கிற இடத்தில் செக்கிங் வேலை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அங்கிள், எனக்குத் தமிழ் பேச மட்டும்தான் வரும், படிக்க வராது. ஹிந்தி மீடியம்” என்றாள். “ஆனா என் வேலை என்னன்னா, துணில பிரிண்ட் எங்க ரிப்பீட் ஆவுதுன்னு பாக்குறது. பூ, இலை, கொடி, எதுவா இருந்தாலும் ஒரு எடத்துல திரும்ப அதே அச்சு விழும். அத என் கண்ணு புடிச்சிரும்.” ஃபோனை என் முன்னால் நீட்டினாள். அந்த நோட்டீசை அவள் எடுத்து வைத்திருந்திருக்கிறாள். இரண்டு இடத்தில் வட்டம் போட்டுப் பெரிதாக்கியிருந்தாள். “இது என்ன எழுத்துன்னுகூட எனக்குத் தெரியாது. ஆனா இது ரெண்டும் ரிப்பீட்.”

‘அஞ்சு’வில் ஒரு ‘ஞ்’. ‘கொஞ்ச’த்தில் ஒரு ‘ஞ்’. வாலின் கடைசியில் பிரஷ் மயிர் மூன்றாகப் பிரிந்து, நடு மயிர் பாதியில் அறுந்திருக்கும். இரண்டிலும் அதே மூன்று, அதே அறுபட்ட நடு மயிர். நாற்பது பேர் படித்தார்கள். படிக்கத் தெரிந்த ஒருவர்கூடப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு எழுத்தில் அலட்சியமாக இருந்துவிட்டேனே என்று அன்றைக்கு முழுவதும் மனசு ஆறவில்லை.

மறுத்துப் பேசுவது மரியாதையாக இருக்காது என்று, “என்ன வேணும்?” என்று கேட்டேன்.

“போலீஸ் கேஸ் எல்லாம் வேணாம். அப்பாவுக்கு அதுக்கெல்லாம் ஹிம்மத் இல்ல, தைரியம் இல்ல” என்றாள். “அதே சுவத்துல ஒரு நோட்டீஸ் ஒட்டுங்க. பானு அக்கா பத்தி எழுதினது நான்தான்னு எழுதுங்க. தமிழ்ல எழுதுங்க. எங்க தெருவுல எல்லாரும் படிக்கணும். எங்கப்பா தலைய நிமித்திட்டுத் தண்ணி புடிக்கப் போகணும். எனக்கு அவ்ளோதான் வேணும். ஒரு வாரம் டைம் தரேன்.”

நான் வாக்குக் கொடுத்தேன். ருக்கு காபி கொண்டு வந்தாள், ஜன்னலோர டம்ளரில்தான். அந்தப் பெண் டம்ளரைப் பார்த்தாள், குடிக்காமல் போய்விட்டாள்.

வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுகிறவன் நான். ஒரு வாரமும் வேறு வேலை பார்க்கவில்லை. வாசகம் இப்படி: ‘பானுமதியைப் பற்றி எழுதி ஒட்டியது நான்தான். அந்தப் பெண் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அஞ்சு மாசமும் பெற்ற தாய்க்குப் பணிவிடை செய்தவள் அவள். நெஞ்சறிந்து செய்த பிழை. மன்னிக்கவும்.’ அவள் சொன்னபடியே தமிழில், அதே சுவரில், ‘நான்தான்’ என்று. கீழே பெயர் போடவில்லை. பெயர் போட வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. எழுத்தைப் பார்த்தாலே யார் எழுதியது என்று அந்தத் தெருவுக்குத் தெரியும்.

பேச்சிராஜா அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதிய பழைய தாள்களை எடுத்து, ‘ஞ’வுக்கும் ஐந்து உருவம் செய்துவிட்டேன். இப்போது ‘அஞ்சு’வில் ஒரு மாதிரி, ‘நெஞ்சி’ல் ஒரு மாதிரி. துணி செக்கிங் செய்கிற பெண்ணால்கூட ஒன்றும் சொல்ல முடியாது. யாரிடமாவது காட்டிப் படிக்கச் சொல்வாள். அவள் கேட்டது அப்படியே இருக்கும்.

இன்றைக்கு மத்தியானம், இங்கே வருகிற வழியில்தான் ஒட்டினேன். டீக்கடையில் பத்து நிமிஷம் இருந்தேன். முதலில் இரண்டு பெண்கள் நின்றார்கள். அப்புறம் பட்டறையிலிருந்து ஆட்கள். போன தடவை மாதிரி யாரும் சத்தம் போடவில்லை. யாரோ போய் அய்யாத்துரையைக் கூட்டி வந்தார்கள். அவர் படித்தார். திரும்பவும் படித்தார். என்னவோ தன் வலது கையை விரித்து, மடக்கி, ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு பேச்சிராஜாவின் வீட்டை நோக்கி வேகமாக நடந்தார். பின்னாலேயே மகேஷ்குமார் ஓடினான், வாயைப் பொத்திக்கொண்டு. ஒருவருக்கும் எழுத்தின் மேல் சந்தேகம் வரவில்லை. பேச்சிராஜாவே வந்து பார்த்தாலும் தன் எழுத்து என்றுதான் சொல்வார். அந்த அளவுக்கு வந்திருக்கிறது.

ஆகவே இந்த எழுத்துருவில் இனி ஒரு குறையும் இல்லை. அஃபிடவிட்டில் ‘என் சொந்த ஆக்கம்’ என்று நிம்மதியாகப் போடலாம். முத்திரைத் தாள் நான் கொண்டு வந்திருக்கிறேன்.

ஏன் முத்திரைத் தாளைத் தள்ளி வைக்கிறீர்கள்? ஏதாவது சந்தேகம் இருந்தால் கேளுங்கள்.

பேச்சிராஜா எந்தக் கையால் எழுதுவார் என்றா?

வலது கையால்தான். ஏன் கேட்கிறீர்கள்?